பழைய டிரம் மாட்யூலை வாங்கிச் சரிசெய்வது: அலெசிஸ் டி4, டிஎம்5க்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாங்கி வந்த அன்றைக்கே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுகிறார்கள். முதல் தப்பு அதுதான். பழைய டிரம் மாட்யூலில் (பேடில் அடித்தால் டிரம் ஒலியை எழுப்பும் பெட்டி அது) என்ன பழுது என்பதைவிட, எந்த வரிசையில் தேடுகிறோம் என்பதுதான் முக்கியம். வரிசை மாறினால் இல்லாத பழுதைச் சரிசெய்யப் போய் இருந்த நல்ல போர்டைக் கெடுத்துவிடுவோம். நானும் கெடுத்திருக்கிறேன்.

இங்கே எடுத்துக்கொள்வது அலெசிஸ் டி4, டிஎம்5 என்ற இரண்டு ரேக் மாட்யூல்கள். இரண்டும் 90களில் வந்தவை, இரண்டிலும் பின்பக்கம் 12 டிரிகர் உள்ளீடுகள் (பேடில் விழும் அடியின் சிக்னல் வந்து சேரும் ஜாக்குகள்), நான்கு ஆடியோ வெளியீடுகள். கரண்டு அடாப்டர் வெளியே தனியாக இருப்பதால் பெட்டிக்குள் 230 வோல்ட் வராது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இவற்றை நான் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். சுவர் பிளக்கிலிருந்து நேராகப் பெட்டிக்குள் வயர் போகிற வேறு பழைய சாமான்களில் இந்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு கை வைக்காதீர்கள்.

1. உங்களுக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள்

இவற்றில் ஒரு உள்ளீட்டுக்கு ஒரு ஒலிதான். இரண்டு மண்டலம் உள்ள ஸ்நேர் பேடை ஒரே ஸ்டீரியோ கேபிளில் மாட்டி, நடுவில் ஒன்று, விளிம்பில் ஒன்று என்று எதிர்பார்த்தால் கிடைக்காது. இரண்டாகப் பிரிக்கும் கேபிள் போட்டு இரண்டு உள்ளீடுகளைச் செலவழிக்க வேண்டும். ஹை-ஹாட் பெடலும் திறந்தது, மூடியது என்ற இரண்டே நிலைதான். பாதி திறந்த சத்தம் வேண்டுமென்றால் வேறு மாட்யூல் பாருங்கள்.

மறுபக்கம், கையில் ஏற்கெனவே ஆக்டபேட் (எட்டு பேடுகள் ஒரே பலகையில் உள்ள ரோலண்ட் கருவி) இருக்கிறதா? நம் மெல்லிசைக் குழுக்களில் பேட் வாசிப்பவர்கள் பலரிடம் மிடி (மின்னணு இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் முறை) வெளியீடு உள்ள ரோலண்ட் பேட் ஒன்று எப்படியும் கிடக்கும். 1985இல் வந்த முதல் ஆக்டபேடுக்குச் சொந்தமாக ஒலியே கிடையாது, மிடி மட்டும்தான். அப்படி ஒன்று வைத்திருப்பவருக்கு டிஎம்5 சரியான ஜோடி. டிரிகர் உள்ளீடுகள் பாதி செத்திருந்தாலும் அவருக்குக் கவலையில்லை, ஒரு மிடி கேபிள் போதும். அதனால் எதற்காக வாங்குகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுப் போனால், எந்தப் பழுதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு விலை குறைக்கக் கேட்கலாம் என்பது தானாகத் தெரியும்.

2. மாட்யூலுக்கு முன்பே அடாப்டரை வாங்குங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். "லைட் எரியுது சார், சத்தம்தான் வரல" என்று வந்தவற்றில் நான் முதலில் பார்ப்பது அடாப்டரைத்தான்.

டி4, டிஎம்5 இரண்டுக்கும் 9 வோல்ட் ஏசி வேண்டும். கடைகளில் கிடைக்கும் சாதாரண 9 வோல்ட் அடாப்டர் டிசி. பிளக் பொருந்தும், அதுதான் வில்லங்கம். உள்ளே இருக்கிற ஆடியோ பகுதிக்கு நேர் மின்னழுத்தமும் வேண்டும், எதிர் மின்னழுத்தமும் வேண்டும். ஏசி மாறி மாறி இரண்டு பக்கமும் போய்வருவதால் ஒரே ஜோடி வயரிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொள்ள முடிகிறது. டிசி கொடுத்தால் ஒரு பக்கம் மட்டும்தான் கிடைக்கும், இன்னொரு பக்கம் பட்டினி. டிஸ்பிளே எரிந்து சத்தம் மட்டும் வராமல் போவது இப்படித்தான். பார்ப்பவர் "ஆடியோ ஐசி போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்.

அடாப்டர் ஏசியா டிசியா என்று லேபிளை மட்டும் நம்பாமல் மீட்டரில் பாருங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளந்தால் ஏசி அடாப்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும், டிசி அடாப்டர் ஒன்பதோ அதற்கு மேலோ காட்டும். ஏசி ரேஞ்சில் மட்டும் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மலிவான மஞ்சள் மீட்டர்கள் சில, டிசி கொடுத்தாலும் ஏசி ரேஞ்சில் எதையாவது காட்டித் தொலைக்கும். சுமை இல்லாமல் அளக்கும்போது 9 வோல்ட் ஏசி அடாப்டர் பத்து, பதினொன்று காட்டுவது சகஜம், பயப்பட வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த மாட்யூல் என்றால் கூட வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230இல் செருகினால் அதுவும் சூடாகிக் கருகும், கருகுவதற்குள் இரண்டு மடங்கு மின்னழுத்தத்தை மாட்யூலுக்குள் தள்ளும். அந்த அடாப்டரைக் கையில் வாங்கியதுமே அதன் பிளக்கில் டேப் சுற்றி வைத்துவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது ஆர்வத்தில் செருகிவிடக் கூடாது.

இந்தியாவில் ஏசி அடாப்டர் ஆயத்தமாகக் கிடைப்பது கொஞ்சம் சிரமம். சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் ஒரு ஆம்ப் தாங்குகிற 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வாங்கி, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஃபியூஸோடு போட்டுத் தரச் சொல்லலாம். 230 வோல்ட் பக்கத்து வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள். கடையில் "ஒன்பது வோல்ட்" என்று கேட்டால் பெரும்பாலும் 9-0-9 என்ற மூன்று வயர்க்காரனை எடுத்து நீட்டுவார்கள். அதில் இரண்டு ஓர வயர்களை எடுத்தால் 18 வோல்ட். நடு வயரும் ஒரு ஓர வயரும்தான் நமக்கு வேண்டியது. என் நண்பர் ஒருவர் ஓர வயர் இரண்டையும் இணைத்துக் கொடுத்ததில் ஒரு நல்ல மாட்யூலின் பவர் பகுதி போனது. மீட்டர் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

பிளக்கின் விட்டமும் முக்கியம். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் ஆட்டும்போதெல்லாம் மாட்யூல் அணைந்து அணைந்து எரியும், அதையும் உள்ளே இருக்கிற பழுது என்று நினைத்துக்கொள்வோம். ஏசி என்பதால் நடு நேரா, எதிரா என்ற கவலை மட்டும் இல்லை.

3. பார்க்கப் போகும்போது எடுத்துப் போக வேண்டியவை

ஒரு சின்னப் பை போதும். மேலே சொன்ன அடாப்டர், பெரிய ஜாக் மாட்டிய ஹெட்போன், மூன்றடி மோனோ கேபிள், டார்ச், அப்புறம் ஒரு சோதனைப் பீசோ (தட்டினால் சின்ன மின்சிக்னல் தரும் தட்டு).

சோதனைப் பீசோ நீங்களே செய்வது. 27 மில்லிமீட்டர் பித்தளைத் தட்டு பீசோ எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். நடு வெள்ளைப் பகுதியின் வயரை மோனோ ஜாக்கின் நுனிக்கும், பித்தளையின் வயரை உடம்புக்கும் சால்டர் செய்து, தட்டை ஒரு ரப்பர் துண்டின் மேல் டேப் போட்டு ஒட்டுங்கள். விரலால் தட்டினால் போதும், முழுப் பேடைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. விற்பவரின் பேடையும் கேபிளையும் வைத்துச் சோதித்தால் பழுது எதில் என்று தெரியாது, அதனால்தான் நம்முடையது.

4. விற்பவர் வீட்டில், வாங்குவதற்கு முன்

முதலில் ஆன் செய்யாமல் பாருங்கள். மேல் மூடியின் திருகுகளின் தலை மழுங்கியிருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் "திறக்கவே இல்லை" என்று விற்பவர் சொன்னால் மற்றதையும் அதே எடையில் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஜாக்குகள் ஒவ்வொன்றையும் விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள். திருகுகளிலும் ஜாக்குகளின் உட்புறத்திலும் பச்சைப் பூச்சு இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சென்னையில் 2015 வெள்ளத்தில் தரைத்தளத்தில் நனைந்து, காயவைத்து, பல வருஷம் கழித்து விற்பனைக்கு வந்த சாமான்களைப் பார்த்திருக்கிறேன். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். போர்டுக்குள் நீர் அரித்த தடம் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுவது முடிகிற வேலையில்லை.

பிறகு ஆன் செய்து ஹெட்போனை மாட்டுங்கள். முன்பக்கத்திலிருந்தே ஒலியைத் தட்டிக் கேட்க பிரிவியூ வசதி உண்டு. டி4இல் 500 ஒலிகள், டிஎம்5இல் 540, எல்லாவற்றையும் கேட்க வேண்டாம், ஒவ்வொரு வகையிலும் நாலைந்து கேளுங்கள். ஏன் பிரிவியூவிலிருந்து தொடங்க வேண்டும் என்றால், அங்கே சத்தம் வந்துவிட்டால் ஒலி சிப், ஆடியோ பகுதி, பவர் எல்லாம் வேலை செய்கிறது என்று ஒரே தட்டில் தெரிந்துவிடுகிறது. மிச்சமிருப்பது டிரிகர் பக்கம் மட்டும்தான், அது கையால் சரிசெய்யக்கூடியது.

அடுத்து பீசோவை மாட்டி 1 முதல் 12 வரை ஒவ்வொரு உள்ளீட்டிலும் தட்டுங்கள். எது வேலை செய்கிறது, எது இல்லை, எது கேபிளை ஆட்டினால் மட்டும் வருகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், இந்தக் காகிதம் எட்டாவது பகுதியில் வேண்டும்.

கடைசியாக வெளியீடுகள். பின்னால் மெயின் இரண்டு, ஆக்ஸ் (துணை வெளியீடு) இரண்டு. ஒவ்வொரு ஒலியையும் மெயினுக்கோ ஆக்ஸுக்கோ அனுப்பலாம் என்பது இந்த மாட்யூலின் வசதி, புதியவரை ஏமாற்றுவதும் அதுதான். முன்பு வைத்திருந்தவர் ஸ்நேரையும் கிக்கையும் ஆக்ஸுக்குத் திருப்பியிருப்பார், நாம் மெயினில் மட்டும் மாட்டிக் கேட்டால் பாதி டிரம் காணாமல் போயிருக்கும். சத்தம் வராத ஒலி ஏதாவது இருந்தால் பழுது என்று சொல்லும் முன் ஆக்ஸில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் அப்புறம் பேசலாம்.

ஒரு தடவை விற்பவரின் தம்பி, "அண்ணே, இது பாதி சத்தம்தாங்க வரும், அதான் கம்மி விலை" என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆக்ஸில் மாட்டியதும் எல்லாம் வந்துவிட்டது. விலையைத் திரும்ப ஏற்றிவிடுவாரோ என்று ஒரு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை, பிறகு மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். அவர் ஏற்றவில்லை.

5. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை: உள்ளே இருப்பதைச் சேமிப்பது

இந்த மாட்யூல்கள் நீங்கள் மாற்றியமைத்த கிட்டுகளையும் (எந்தப் பேடுக்கு எந்த ஒலி என்ற தொகுப்பு) டிரிகர் அமைப்புகளையும் ஒரு பட்டன் செல்லின் தயவில்தான் நினைவில் வைத்திருக்கின்றன. செல்லைக் கழற்றினால் எல்லாம் போகும். முன்பு வைத்திருந்தவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கிய கிட்டுகள் உள்ளே இருக்கலாம், அதில் ஒன்று உங்களுக்கும் பிடிக்கலாம்.

மிடி வெளியீட்டிலிருந்து ஒரு யுஎஸ்பி மிடி கேபிளைக் கணினிக்குப் போடுங்கள். விண்டோஸ் என்றால் மிடி-ஆக்ஸ், மேக் என்றால் சிஸ்எக்ஸ் லைப்ரேரியன், இரண்டும் இலவசம். மென்பொருளைப் பதிவுக்குத் தயாராக வைத்துவிட்டு, மாட்யூலின் மிடி பக்கத்தில் இருக்கும் சிஸ்எக்ஸ் டம்பை (உள்ளே சேமித்திருப்பதை மிடி வழியாக மொத்தமாக அனுப்புவது) அனுப்பச் சொல்லுங்கள். வரிசையை மாற்றி முதலில் அனுப்பிவிட்டால் கணினி தொடக்கத்தைத் தவறவிட்டு அரைகுறையாக வாங்கிக்கொள்ளும்.

இதை இரண்டு தடவை செய்து இரண்டு கோப்புகளின் அளவையும் ஒப்பிடுங்கள். ஒரே அளவாக இருக்க வேண்டும். பெயரில்லாத மலிவான மிடி கேபிள்கள் சாதாரணமாக வாசிக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், ஆனால் இப்படி நீளமான தகவல் வந்தால் நடுவில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். அளவு மாறினால் வேறு கேபிளை இரவல் வாங்குங்கள்.

ஆன் செய்தபோது கிட்டுகளின் பெயர்கள் குப்பை எழுத்துகளாகத் தெரிந்தால் செல் ஏற்கெனவே செத்துவிட்டது, சேமிக்க எதுவும் இல்லை, நேராக அடுத்ததுக்குப் போகலாம். அப்படிப்பட்ட மாட்யூலில் டிரிகர்களும் கண்டபடி நடந்துகொள்ளும், ஏனென்றால் அவற்றின் அமைப்பும் அதே நினைவகத்தில்தான் இருக்கிறது. செல் மாற்றி ரீசெட் செய்யும் முன் டிரிகர் பழுது என்று எதையும் தேட வேண்டாம்.

6. திறப்பது

அடாப்டரைப் பிடுங்கி, பத்து நிமிஷம் விட்டுவிட்டு, மேல் மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் பெட்டியின் படத்தைக் கிறுக்கி, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டுங்கள். நீளத் திருகைக் குட்டையின் இடத்தில் போட்டு முறுக்கினால் போர்டில் குத்தும்.

திறந்ததும் செல்போனில் நாலு பக்கமிருந்தும் படம் எடுங்கள், குறிப்பாகப் பட்டை வயர்கள் செருகியிருக்கும் திசை தெரிய. சிப்புகளைத் தொடும் முன் பெட்டியின் பெயிண்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் சட்டையோடு உட்கார்ந்து இந்த வேலை செய்யாதீர்கள், பருத்தி நல்லது. தூசியைச் சின்ன பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினால் போதும், வாயால் ஊதினால் எச்சில்தான் போய் விழும்.

7. பட்டன் செல்

சிஆர்2032, 3 வோல்ட். மாட்யூல் அணைந்த நிலையிலேயே அதன் இரண்டு முனைகளில் அளந்து பாருங்கள். மூன்றை ஒட்டி இருந்தால் நல்ல செல், 2.7க்குக் கீழே போய்விட்டால் மாற்றிவிடுங்கள்.

இது ஹோல்டரில் இல்லாமல் நேராகப் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். புதியவர் செய்யும் தப்பு, கடையில் பத்திருபது ரூபாய்க்கு விற்கும் சாதாரண செல்லை வாங்கி அதன் முதுகிலேயே வயரைச் சால்டர் செய்வது. லித்தியம் செல்லைச் சூடாக்கினால் உள்ளே கெட்டுப்போகும், வெடிக்கவும் செய்யலாம். காலோடு வரும் செல்லை வாங்குங்கள், அல்லது இன்னும் நல்லது, ஒரு ஹோல்டர் வாங்கிப் போர்டில் அதைச் சால்டர் செய்து அதற்குள் செல்லைச் செருகுங்கள். அடுத்த முறை இரண்டு நிமிஷ வேலை. ஹோல்டரின் கால்கள் போர்டின் ஓட்டையோடு பொருந்தாவிட்டால் இரண்டு சிறு வயர் போட்டு, பக்கத்தில் காலி இடத்தில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிக்கொள்ளலாம். நேர், எதிர் குறியைப் போர்டில் பார்த்து, மீட்டரில் ஒரு தடவை சரிபார்த்த பிறகே செல்லைப் போடுங்கள்.

செல் மாற்றியதும் கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்து, கணினியில் வைத்திருந்த டம்பைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு கிட்டை மாற்றிச் சேமித்து, அணைத்து, மறுநாள் காலையில் ஆன் செய்து பாருங்கள். உடனே ஆன் செய்து "இருக்கிறதே" என்று சந்தோஷப்பட்டுப் பயனில்லை, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரமே கொஞ்ச நேரம் நினைவகத்தைத் தாங்கிப் பிடிக்கலாம்.

8. டிரிகர் ஜாக்குகள்

இப்போது அந்தக் காகிதத்தை எடுங்கள். ஆட்டினால் வந்து வந்து போகிற உள்ளீடுகள் என்று குறித்திருந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாக டிரை சால்டர்தான், அதாவது சால்டர் செய்த இடம் விரிசல் விட்டிருக்கிறது. ஜாக் போர்டில் நேராக நிற்கிறது, கேபிளின் கனமும் இழுப்பும் அதன் சால்டர் கால்களில் இறங்குகிறது. பின்பக்க நட் கழன்று தொலைந்திருந்தால் இன்னும் மோசம். முப்பது வருஷமாக யாரோ ஒருவர் மேடையில் அவசர அவசரமாகக் கேபிளைப் பிடுங்கியிருக்கிறார்.

போர்டைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து நேராக அடித்தால் ஈயம் பளபளத்து எதுவும் தெரியாது. சாய்வான வெளிச்சத்தில் ஜாக்கின் காலைச் சுற்றி, கோலப்புள்ளியைச் சுற்றிப் போட்ட வட்டம் மாதிரி, மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் தெரியும். அதுதான் விரிசல். மேலே ஜாக்கை விரலால் அசைத்துக்கொண்டே கீழே பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஈயம் அசையாமல் கால் மட்டும் அதற்குள் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் தடவை பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரும், சத்தியமாக.

பழைய ஈயத்தின் மேல் அயர்னை வைத்து உருக்கிவிட்டால் மட்டும் போதாது, மேலே மூடிக்கொண்டு உள்ளே அழுக்கோடு இருக்கும். கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவி, பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிய 60/40 ஈயத்தை விடுங்கள். அயர்ன் 350 டிகிரி அளவில், மூன்று விநாடி. அதற்கு மேல் வைத்திருந்தால் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும், பிறகு வயர் இழுத்துத்தான் பிழைக்க வேண்டும். ஒரு ஜாக் விரிந்திருந்தால் பக்கத்து ஜாக்குகளும் விரியும் தறுவாயில் இருக்கும், 12ஐயும் ஒரே உட்காரலில் செய்துவிடுங்கள். தொலைந்த நட்டுகளையும் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கச்சேரியிலேயே திரும்ப விரியும்.

எதை ஆட்டினாலும் வராத, முழுதாகச் செத்த உள்ளீடு ஒன்றே ஒன்று என்றால் முதலில் அந்த உள்ளீட்டின் டிரிகர் அமைப்பைப் பாருங்கள், கெயின் பூஜ்யமாக இருக்கலாம். அது சரியென்றால் ஜாக்கின் நுனித் தொடர்பு வளைந்திருக்கிறதா, அதற்கடுத்து வரும் டையோடு ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் உள்ளீட்டோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள். சர்க்யூட் வரைபடம் இல்லாமலே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம், ஏனென்றால் பன்னிரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரிதான். வரிசையாக நாலைந்து உள்ளீடுகள் சேர்ந்தே செத்திருந்தால் அது ஜாக் இல்லை, அவற்றைச் சேர்த்து வாங்கிக்கொள்ளும் சிப்பின் பக்கம். அங்கே அனுபவமுள்ள டெக்னீஷியனிடம் கொடுப்பதே மரியாதை.

9. சுழல் குமிழும் பட்டன்களும்

குமிழைத் திருப்பினால் எண் முன்னும் பின்னும் தாவுகிறதென்றால் உள்ளே தொடர்புத் தகடுகளில் அழுக்கு. ஒரு திருப்பில் இரண்டு தொடர்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்ட வேண்டும், எது முந்தியது என்பதை வைத்துத்தான் மாட்யூல் திசையைத் தெரிந்துகொள்கிறது. ஒன்று அழுக்கால் தாமதித்தால் திசை குழம்பும். கான்டாக்ட் கிளீனரை, தண்டு உள்ளே போகும் இடத்தில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு பக்கமும் ஐம்பது தடவை திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது தங்கித் தூசியை இழுக்கும். ஒரு வாரத்தில் திரும்பத் தாவினால் என்கோடரையே மாற்ற வேண்டியதுதான்.

பட்டன்களும் அப்படியே. அழுத்தி அழுத்தித்தான் வேலை செய்கிறது என்றால் முதலில் கிளீனர், அப்புறம் மாற்றம்.

10. இரைச்சல் இருந்தால் மட்டும்

இரைச்சல் இல்லாவிட்டால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். "பழசு, அதனால் எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடுகிறேன்" என்று ஆரம்பித்து, நாற்பதை மாற்றி, அதில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டு, எதனால் இப்போது ஆன் ஆகவில்லை என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"உம்ம்" என்ற தாழ்ந்த ஒலி வந்தால் முதலில் ஆம்ப்ளிஃபையரை விட்டுவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். ஹெட்போனில் இல்லையென்றால் அது எர்த் பிரச்சினை, மாட்யூல் நிரபராதி. ஹெட்போனிலும் இருந்தால் பவர் பகுதிப் பக்கம் போங்கள். மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் நிறுத்தி வைக்கும் 7805 ரெகுலேட்டரின் வெளியீட்டுக் காலில் டிசி அளந்தால் 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால், ரெகுலேட்டருக்கு முன் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் வற்றிப்போயிருக்கலாம். அதன் தலை உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்பாகக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றும்போது அதே மைக்ரோபாரட், அதே அல்லது கூடுதலான வோல்ட், 105 டிகிரி வகை. வோல்ட் கூடினால் பருமனும் கூடும், மூடி மூடுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மாற்றியதும் ஆன் செய்து கேளுங்கள், பிறகு அடுத்தது. ஒவ்வொன்றாகப் போனால் எதில் தப்பினோம் என்று தெரியும்.

11. பேடுகளை மாட்டி டிரிகரைச் சரிசெய்வது

எல்லாம் முடிந்து மூடி போட்ட பிறகுதான் இது. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் கெயின், வேகவளைவு, நாய்ஸ், டிகே, எக்ஸ்டாக் என்று அமைப்புகள் இருக்கின்றன. கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே நேரத்தில் திருகினால் ஒன்றை மற்றொன்று கெடுக்கும்.

முதலில் கெயின். நீங்கள் கச்சேரியில் அடிக்கும் மிகப் பலமான அடி உச்சத்தைத் தொட வேண்டும், நடுத்தர அடி தொடக் கூடாது. அளவுக்கு மீறி ஏற்றினால் தொட்டாலே முழுச் சத்தம், பாட்டின் ஏற்ற இறக்கம் போய்விடும். மற்ற எல்லாமே கெயினின் அளவைப் பொறுத்தது என்பதால் இதை முடிக்காமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள்.

பிறகு வேகவளைவு, அதாவது அடியின் பலத்துக்கு ஏற்பச் சத்தம் எப்படி ஏறுகிறது என்பது. இது உங்கள் கைவாக்கைப் பொறுத்தது. தபேலா வாசித்துப் பழகிய விரல்களுக்கு ஒரு வளைவு, குச்சி பிடித்த கைக்கு வேறொன்று.

அடுத்து நாய்ஸ். யாரும் அடிக்காமலே தானாக ஒலித்தால் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், நின்றதும் நிறுத்திவிடுங்கள். மேலும் ஏற்றினால் மென்மையான அடிகள் காணாமல் போகும். ஒரு அடிக்கு இரண்டு சத்தம் வந்தால் டிகே. பேட் அதிர்ந்து அடங்குவதற்குள் மாட்யூல் அதை இரண்டாவது அடியாக எண்ணிவிடுகிறது. டிகேயைக் கூட்டினால் அந்த நேரம் வரை காத்திருக்கும், ஆனால் ரொம்பக் கூட்டினால் உருட்டு வாசிக்கும்போது அடிகளை விழுங்கும். அதனால் ஒரு வேகமான உருட்டை வாசித்துக்கொண்டே கூட்டிப் பாருங்கள்.

எக்ஸ்டாக் கடைசி. கிக்கை அடித்தால் டாமும் சேர்ந்து ஒலிக்கிறது என்றால் உடனே இதைத் தொடாமல், இரண்டு பேடும் ஒரே கம்பியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கிக் பேடைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றி, டாமின் கிளாம்புக்கு நடுவில் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு துண்டு ரப்பரைக் கொடுங்கள். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் எக்ஸ்டாக்கை இரண்டு மூன்று புள்ளி ஏற்றினால் போதும். அதிகம் ஏற்றினால் இரண்டு பேடை ஒரே நேரத்தில் வேண்டுமென்றே அடிக்கும்போது ஒன்று ஊமையாகிவிடும். கிக்கும் கிராஷும் சேர்ந்து விழ வேண்டிய இடத்தில் கிராஷ் மட்டும் வராது, மேடையில் உங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

எல்லாம் திருப்தியானதும் சேமித்து, ஐந்தாவது பகுதியில் செய்தது போலவே இன்னொரு டம்ப் எடுத்து, கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.